ஒலிநூல்: சொல் விளக்கம்

ஆடியோபுக் என்பதற்குத் தமிழில் ஒலிநூல், ஒலிப்புத்தகம், கேட்பு நூல் என்று மூன்று சொற்கள் உலவுகின்றன. நான் முதல் சொல்லின் பக்கம். ஆனால் மூலச்சொல்லுக்கு மிக நெருங்கியது அது அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

‘ஆடியோ’ இலத்தீனில் ஒரு வினைமுற்று. ‘நான் கேட்கிறேன்’ என்பது அதன் பொருள். அதே சொல் பின்னாளில் ஒலி தொடர்பான எதற்கும் முன்னால் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. வேரைப் பார்த்தால் ஒலியைவிடக் கேட்டலுக்கே அங்கே முதலிடம். அப்படியானால் கேட்பு நூல்தானே சரி? சரிதான். ஆனால் ‘கேட்பு’ என்ற சொல்லை வங்கியும் அலுவலகமும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. கேட்பு வரைவோலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கேட்பு நூல் என்றால் பாக்கித் தொகைகளை எழுதிவைக்கும் பதிவேடு போலத் தோன்றும். ‘கேள்வி’யின் கதையும் இதுதான். திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர். அங்கே அது அறிந்தோர் சொல்வதைக் காதால் கேட்டு அறிவு பெறுதல். இன்று கேள்வி நூல் என்று எழுதினால் தேர்வுக்கான வினாத் தொகுப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

ஒலிப்புத்தகத்தில் பிழை ஏதும் இல்லை. புத்தகம் வடமொழி வழி வந்த சொல் என்பதும் எனக்குக் குறையாகப் படவில்லை. இடையில் வல்லினம் மிகுந்து ‘ஒலிப்பு’ என்று கண்ணில் படுகிறது, அவ்வளவே. உச்சரிப்பைக் கற்றுத்தரும் புத்தகமோ என்று ஒரு நொடி தடுமாற வைக்கும். ஒலிநூலில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

நூல் என்ற சொல்லுக்குள் இழையும் இருக்கிறது. பஞ்சை இழையாக நூற்பதுபோலச் சொற்களை நூற்பது நூல் என்று நன்னூல் விளக்குகிறது. தாளோ அட்டையோ அந்த விளக்கத்தில் இல்லை. ஆகவே தாளே இல்லாத புத்தகத்தைக் குறிக்க அந்தச் சொல் எந்தச் சங்கடமும் இல்லாமல் இணங்கிவிடுகிறது.

இந்தப் பொருளுக்கு ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் வேறு பெயர் இருந்தது. பார்வையற்றோருக்காக 1930-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இசைத்தட்டில் பதிந்து கொடுத்தவற்றைப் ‘பேசும் புத்தகம்’ என்றார்கள். அமெரிக்கத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிடம்தான் அடங்கும்; ஒரு நாவல் என்றால் ஓர் அடுக்குத் தட்டு. பிறகு ஒலிநாடா வந்தது, குறுந்தகடு வந்தது. ஆடியோபுக் என்பதையே பொதுப்பெயராகக் கொள்வது என்று அமெரிக்க ஒலிநூல் பதிப்பாளர் சங்கம் முடிவுசெய்தது 1994-இல்தான்.

அடுத்து, கேட்கும் கருவி. நோக்கியா 2005-இல் வெளியிட்ட 770 என்ற கையடக்கக் கருவிக்கு ‘இன்டர்நெட் டேப்லெட்’ என்று பெயர் சூட்டியது. சிம் அட்டை கிடையாது, வைஃபை உண்டு, ஏறத்தாழ 4 அங்குலத் திரையில் குறுக்கே 800 புள்ளி, நெடுக்கே 480. டேப்லெட்டின் வேர் பலகையைக் குறிக்கும் ‘டாபுலா’ என்ற இலத்தீன் சொல். பிரெஞ்சு வழியாகச் சிறுபலகை ஆயிற்று. தமிழில் கைக்கணினி என்பது நன்றாகவே நிலைத்துவிட்டது, பலகைக் கணினி என்பாரும் உண்டு. யோசிக்காமல் மொழிபெயர்ப்பவர் கையில் அது ‘மாத்திரை’ ஆகிவிடுவதும் உண்டு. சிரிப்பு வந்தாலும் ஒரு பொருத்தம் இருக்கிறது: தமிழ் இலக்கணத்தில் மாத்திரை என்பது ஒலியின் கால அளவு.

கருவியில் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. வினாடிக்கு 64 கிலோபிட் வீதம் பதிந்த எம்பி3 கோப்பு மணிக்கு 29 எம்பி அளவுக்கு வரும். 1 ஜிபி அட்டையில் 30 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். சிக்கல் விட்ட இடத்தைப் பிடிப்பதில்தான். 11 மணி நேர நூல் ஒரே கோப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டுக்காக எழுதப்பட்ட செயலி, மூடித் திறந்தால் தொடக்கத்துக்கே போய் நிற்கும். நகர்த்துபட்டை 800 புள்ளியும் நீண்டாலும் ஒரு புள்ளிக்கு 50 வினாடி ஆகிறது. விரல் நுனி மறைக்கும் இடத்துக்குள்ளேயே அரை மணி நேரக் கதை போய்விடும். குற்றவாளி யார் என்று கடைசி அத்தியாயத்தில் விழுந்து தெரிந்துகொள்ள நேரும்.

எம்4பி என்ற கோப்புவகை இதற்காகவே வந்தது. உள்ளே இருப்பது பாட்டுக்குப் பயன்படும் எம்4ஏ கோப்பில் இருப்பதுதான். பெயரின் கடைசி எழுத்தான ‘பி’ புத்தகத்துக்கு. அந்த எழுத்தைக் கண்டதும் செயலி இதைப் பாட்டாக நடத்தாமல் நூலாக நடத்த வேண்டும்: நிறுத்திய வினாடியை நினைவில் வைக்க வேண்டும், அத்தியாயம் அத்தியாயமாகத் தாண்ட விட வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ஒலிநூல், இல்லாவிட்டால் வெறும் ஒலிக்கோப்பு என்று நான் பிரித்துக்கொள்கிறேன். அச்சு நூலில் பக்கத்துக்கு இடையே தொங்குகிற அடையாளக் கயிறு செய்கிற வேலைதான் இது. அந்த வகையிலும் நூல் என்பது பொருந்துகிறது.

எம்4பி-யை அறியாத பழைய கருவியில் கோப்பின் பின்னொட்டை எம்4ஏ என்று மாற்றினால் பெரும்பாலும் ஒலிக்கும். நகலெடுப்பதைத் தடுக்க உரிமைப் பூட்டு போட்ட கோப்பு மசியாது. ஒலித்தாலும் விட்ட இடம் நினைவில் நிற்காது. நிறுத்தும்போது மணி, நிமிடத்தை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வினைச்சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. ஒலிநூலைப் படித்தேன் என்பதா, கேட்டேன் என்பதா? படிக்காமல் ஏமாற்றியதாக ஆகிவிடுமோ என்று சிலர் கூசுகிறார்கள். ஆசிரியரிடம் ஒரு நூலை முறையாகக் கற்றதைப் ‘பாடம் கேட்டேன்’ என்றே தமிழ் சொல்லிவந்திருக்கிறது. கேட்டேன் என்றே எழுதலாம்.