காற்றூட்டல்: நோயின் பெயரை மருந்துக்கு வைக்காதீர்கள்

மீன்குளத்து நீரில் காற்றைக் கலக்கும் கருவியான ஏரேட்டரை ஓட்டுவதை ‘ஆக்ஸிஜனேற்றம்’ என்று எழுதும் கையேடுகள் பெருகிவிட்டன. பள்ளி வேதியியலில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு: இரும்பு துருப்பிடிப்பது ஆக்ஸிஜனேற்றம்.

‘ஏரேஷன்’ (aeration) என்ற ஆங்கில மூலச்சொல்லில் ஆக்ஸிஜனே கிடையாது. ‘ஆயேர்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காற்று என்று பொருள். லத்தீன் வழியாக வந்த வினை, காற்றைக் கலப்பதைக் குறிக்கிறது. அவ்வளவுதான்.

குளத்தில் ஆக்ஸிஜனேற்றம் நடக்காமலும் இல்லை. மீந்த தீவனமும் எச்சமும் அடிச்சேற்றில் மட்குவது அதுதான். அவற்றிலிருந்து வரும் அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறச் சுமார் 4.5 கிராம் ஆக்ஸிஜன் செலவாகும். ஆக, அந்த வினை ஆக்ஸிஜனைத் தின்கிறது. தின்றதை ஈடுகட்டத்தான் ஏரேட்டரே ஓடுகிறது. தனித்தமிழ் பூசி ‘உயிர்வளியேற்றம்’ என்றாலும் அதே பிழைதான்.

சரி, ‘உயிர்வளியூட்டல்’ என்றால்? அதுவும் அரைகுறை. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனோடு நிறைவடையும். பாசி அடர்ந்த பச்சைக் குளத்தில் பிற்பகல் 3 மணிக்கு அளந்தால் 12 மில்லிகிராம்கூடக் காட்டும். அப்போது ஏரேட்டரின் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றினால் மிகையான ஆக்ஸிஜன் வெளியேறும். அதே குளம் விடியலுக்கு முன் 2 மில்லிகிராமுக்கு இறங்கி, கட்லா மீன் மேலே வந்து வாய் பிளக்கையில், அதே சக்கரம் ஆக்ஸிஜனை உள்ளே சேர்க்கும். கருவி கலப்பது காற்றைத்தான்; ஆக்ஸிஜன் எந்தப் பக்கம் போகும் என்பதை நீரின் நிலை தீர்மானிக்கிறது.

‘காற்றோட்டம்’ ஜன்னலுக்கு உரியது. அதைக் குளத்துக்கு எழுதுபவர் குளக்கரைப் பக்கம் போயிருக்கமாட்டார். ‘காற்றேற்றம்’ தப்பில்லை, ஆனால் சைக்கிள் டியூப் நினைவு வருகிறது. என் தேர்வு காற்றூட்டல், கருவி காற்றூட்டி. ‘உண்’ என்பதன் பிறவினை ‘ஊட்டு’. பசித்த வாய் வேகமாக வாங்கும். நீரும் அப்படித்தான், குறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு விரைவாக ஆக்ஸிஜன் கரையும்.

பண்ணையில் ‘ஏரேட்டர் போடு’ என்பார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. சண்டை, ‘பகல் முழுதும் ஆக்ஸிஜனேற்றம் செய்க’ என்று அச்சிடுபவர்களோடு. அதை நம்பியவர் வெயிலில் மோட்டாரை ஓட்டி மின்கட்டணம் கட்டுகிறார்; ஓட வேண்டிய நள்ளிரவிலிருந்து விடியல்வரை அது நிறுத்திக் கிடக்கிறது.