எல்லாக் குழாயிலும் அம்மோனியாதான்: குளிர்பதன ஆலையில் வண்ணங்கள் எதைச் சொல்கின்றன?

பெரும்பாலான தொழிற்சாலைகளில் குழாயின் வண்ணம் ஒரு கேள்விக்கு விடை சொன்னால் போதும்: உள்ளே ஓடுவது என்ன? இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2379 இந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்டது. அதன்படி தண்ணீர்க் குழாய்க்குக் கடல் பச்சை, காற்றுக்கு வான்நீலம், எண்ணெய்களுக்கு இளம்பழுப்பு, அமிலங்களுக்கும் காரங்களுக்கும் அடர்ஊதா, வாயுக்களுக்கு மஞ்சள் என்று அடிப்படை வண்ணங்கள் வகுக்கப்பட்டுள்ளன. நீராவிக் குழாய் அலுமினிய நிறத்தில் மின்னும்.

அம்மோனியாவைக் கொண்டு குளிரூட்டும் ஆலையில் இந்த விடை மட்டும் போதாது. மீன் பதப்படுத்தும் கூடம், ஐஸ் தொழிற்சாலை, பால் பதனிடும் நிலையம் என எதுவானாலும், அதன் இயந்திர அறையில் தலைக்கு மேலே வரிசையாகச் செல்லும் குழாய்களில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஒரே அம்மோனியாதான். ஒரு குழாயில் அது கொதிக்கும் நீரைப் போலச் சூடான வாயுவாக இருக்கலாம். ஓரடி தள்ளிச் செல்லும் இன்னொன்றில் சுழியத்துக்கு 40 டிகிரி கீழே உறையவைக்கும் திரவமாக இருக்கலாம். பழுது பார்க்க வந்தவர் ஒரு வால்வைத் தொடுவதற்கு முன் அறிய வேண்டியது, அம்மோனியா அங்கே எந்த நிலையில், எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதையே.

அம்மோனியா அந்த ஆலைக்குள் சுற்றி வரும் பாதையைச் சற்றுப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். கம்ப்ரசர் அழுத்தி வெளியேற்றும் சூடான வாயு கண்டென்சருக்குச் சென்று, வெப்பத்தை இழந்து, திரவமாகி, ரிசீவர் எனப்படும் கொள்கலனில் சேர்கிறது. கண்டென்சரில் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் என்றால், அங்குள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 13 மடங்கு. அந்தத் திரவம் ஒரு குறுகிய வால்வின் வழியே அழுத்தம் குறைந்த பக்கத்துக்குப் பாய்ந்து, குளிர் அறையிலுள்ள எவாப்பரேட்டருக்குள் கொதித்து, அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு, வாயுவாகக் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. வளிமண்டல அழுத்தத்தில் அம்மோனியா கொதிப்பது சுழியத்துக்கு 33 டிகிரி கீழே. அதைவிடக் குளிர்ந்த அறைகளுக்கான குழாய்களில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அங்கே ஓட்டை விழுந்தால் முதலில் காற்று உள்ளே நுழையும்.

வெறும் குழாயாக இருந்தால் அனுபவமுள்ள ஆப்பரேட்டர் இவற்றில் பலவற்றைத் தாமே கண்டுகொள்வார். வெளியேற்றுக் குழாய் கையைச் சுடும். கம்ப்ரசருக்குத் திரும்பும் உறிஞ்சு குழாயில் வெண்பனி படரும். ஆனால் குளிர்ந்த குழாய்கள் அனைத்தும் தடிமனான காப்புறைக்குள் இருக்கின்றன. அதன் மேல் போர்த்தப்படும் வெண்ணிறப் பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகடு, திரவக் குழாயையும் வாயுக் குழாயையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. காப்புறை மறைத்துவிடும் அந்தச் செய்தியைத் திரும்ப எழுதிக் காட்டுவதுதான் வண்ணப் பட்டையின் வேலை.

1971இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு அம்மோனியா குளிர்பதன நிறுவனம், தனது 114ஆம் அறிக்கையில் இதற்கென ஒரு முறையை வகுத்தது. அமெரிக்க ஆலைகளில் பரவலாகக் காணப்படும் இந்தப் பட்டையின் உடல் ஆரஞ்சு நிறம். அதில் கறுப்பு எழுத்தில் அம்மோனியா என்று எழுதியிருக்கும். அதில் ஒட்டப்படும் இரு சிறு பட்டைகளில் ஒன்று நிலையைச் சொல்கிறது: திரவத்துக்கு மஞ்சள், வாயுவுக்கு வான்நீலம், இரண்டும் கலந்து ஓடினால் இரண்டும். மற்றது அழுத்தத்தைச் சொல்கிறது: உயர் அழுத்தத்துக்குச் சிவப்பு, குறைந்த அழுத்தத்துக்குப் பச்சை. இவற்றோடு, அந்தக் குழாய் எந்த வேலையைச் செய்கிறது என்பதைக் குறிக்கும் சுருக்கெழுத்தும், ஓட்டத்தின் திசையைக் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். ரிசீவர் போன்ற கலங்களுக்கும் பெயர், நிலை, அழுத்தம் ஆகியவற்றைத் தாங்கிய இதே வகைப் பலகைகள் உண்டு. ஆரஞ்சு நிறம் தீயணைப்பு வீரரைப் போல வெளியிலிருந்து வருபவருக்கானது. சிறு பட்டைகள் ஆலைக்குள்ளேயே வேலை செய்பவருக்கானவை. இரு வாசகர்களையும் ஒரே பட்டையில் நினைவில் வைத்திருப்பதால், இந்த முறை நன்கு சிந்தித்து வகுக்கப்பட்ட ஒன்று என்பது என் எண்ணம்.

இரு சிறு பட்டைகளில் எதை முதலில் படிக்க வேண்டும்? கண் சிவப்பைத் தேடும். ஆனால் பல நேரங்களில் அதிக ஆபத்தைச் சொல்வது மஞ்சள்தான். கொதிநிலையில், வளிமண்டல அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் அம்மோனியா வாயுவின் எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. அதே அளவு திரவத்தின் எடை ஏறத்தாழ 680 கிலோகிராம். ஆகவே அந்த நிலையில், ஒரே விட்டமுள்ள இரு குழாய்களில், திரவக் குழாயின் ஒவ்வொரு மீட்டரும் வாயுக் குழாயைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிக அம்மோனியாவைச் சுமக்கிறது. அம்மோனியா வாயு காற்றைவிட இலேசானது என்று பாடநூல்கள் சொல்வது உண்மைதான். ஆனால் திரவம் பீறிட்டு வெளிவரும்போது நுண்துளிகளும் குளிர்ந்த காற்றும் கலந்த கனமான வெண்புகையாகித் தரையோடு தவழும், உடனே மேலே எழாது. காற்றில் 10 இலட்சம் பங்குக்கு 300 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் வரையறுத்துள்ளது.

மஞ்சளைப் பார்த்ததும் நினைவுக்கு வர வேண்டிய இன்னொன்று உண்டு. முழுவதும் திரவம் நிறைந்த ஒரு குழாயின் இரு முனை வால்வுகளையும் மூடிவிட்டால், உள்ளே இருக்கும் குளிர்ந்த திரவம் சூடேறி விரிவடைய இடமிருக்காது; வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் அழுத்தம் பல பார் அளவு (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) ஏறி, எஃகுக் குழாயையே பிளந்துவிடக்கூடும். அழுத்தம் குறைந்த பக்கத்தில், பச்சைப் பட்டை ஒட்டிய திரவக் குழாயிலும் இது நடக்கும். சாலை விளக்கில் பச்சை என்றால் போகலாம் என்று பழகிய மனம் இங்கே ஏமாறக்கூடும் என்பதால், புதிதாகப் பணிக்கு வருபவர்களுக்கு முதல் நாளிலேயே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: இங்கே பச்சை என்பது ஓர் எல்லைக்கோட்டுக்குக் கீழே உள்ள அழுத்தம், பாதுகாப்பு என்ற பொருள் அதற்குக் கிடையாது. அந்த எல்லை சதுர அங்குலத்துக்கு 70 பவுண்டு, அதாவது வெளி அழுத்தத்துக்கு மேலே 4.8 பார் அளவு. இரு கட்டங்களாக அழுத்தும் ஆலைகளில் முதற்கட்டக் கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் வாயு சூடாக இருந்தும், பெரும்பாலும் அந்த எல்லைக்குள் அடங்குவதால் பச்சைப் பட்டையே பெறுகிறது.

பட்டை சொல்வது வழக்கமான இயக்கத்தின் நிலை மட்டுமே. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தியோடோர் என்ற ஊரிலிருந்த மில்லார்ட் குளிர்பதனக் கிடங்கில் 2010 ஆகஸ்ட் 23 அன்று நடந்த விபத்து இதற்குச் சான்று. மின்தடைக்குப் பின் ஆலையை மீண்டும் இயக்கும்போது, எவாப்பரேட்டரில் படிந்த பனியைச் சூடான வாயுவால் உருக்கும் சுற்று இடையிலேயே நின்றுபோனது. உயர் அழுத்த வாயு வெளியேற்றப்படாமலேயே அந்த எவாப்பரேட்டர் குளிரூட்டும் நிலைக்குத் திரும்பியது. சூடான வாயுவும் குளிர்ந்த திரவமும் சந்தித்ததால் எழுந்த அதிர்வில் எவாப்பரேட்டரின் இணைப்புக் குழாயும், கூரை மேல் சென்ற 12 அங்குல உறிஞ்சு குழாயும் உடைந்தன. 14,500 கிலோகிராமுக்கும் மேற்பட்ட அம்மோனியா வெளியேறியது. காற்றின் போக்கில் இருந்த 150க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், 32 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடைந்த உறிஞ்சு குழாய் குறைந்த அழுத்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆலையை இயக்கிக்கொண்டே கசிவைத் தனிமைப்படுத்த முயல்வதைவிட, அவசர நிறுத்தத்தை உடனே தொடங்க வேண்டும் என்பது விசாரணைக்குப் பின் அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் வலியுறுத்திய பாடங்களில் ஒன்று. ரிசீவரிலிருந்து திரவம் வெளியேறுவதை நிறுத்தும் தலைமை வால்வைக் கிங் வால்வு என்பார்கள். பட்டைகளே இல்லாத ஆலையிலும்கூட அந்த ஒரு வால்வுக்காவது, புகை சூழ்ந்த நேரத்திலும் கண்ணில் படும்படி பெரிய அடையாளம் இருந்தே ஆக வேண்டும்.

இந்திய ஆலைகளில் இன்னொரு சிக்கலும் எழக்கூடும். ஐ.எஸ். 2379இல் மஞ்சள் என்றால் வாயு. அம்மோனியாப் பட்டையில் மஞ்சள் என்றால் திரவம். முன்னதில் வான்நீலம் காற்றைக் குறிக்கும், பின்னதில் அம்மோனியா வாயுவை. குழாய் முழுவதும் இந்தியத் தரநிலைப்படி மஞ்சள் பூசி, அதன் மேல் அமெரிக்கப் பட்டையை ஒட்டினால், இரண்டு மொழிகள் ஒரே குழாயின் மேல் எதிரெதிராகப் பேசும். எதைத் தேர்ந்தாலும் ஒன்றைத் தேர்ந்து, அதன் விளக்கப் பலகையை இயந்திர அறையின் வாசலில், அங்கே வேலை செய்பவர்கள் படிக்கும் மொழியில் வைப்பதே நேர்மையான வழி.

வண்ணத்தை மட்டும் நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் குளிர்பதன வாயு உருளைகளின் வரலாறு காட்டுகிறது. ஆர்-22க்கு இளம்பச்சை, ஆர்-134ஏவுக்கு வெளிர்நீலம், ஆர்-410ஏவுக்கு இளஞ்சிவப்பு என்று நெடுங்காலம் தனித்தனி நிறங்கள் இருந்தன. புதிய கலவைகள் பெருகப் பெருக, கண்ணால் பிரித்தறியக்கூடிய நிறங்கள் தீர்ந்துபோயின. கடைசியில் அமெரிக்கத் தொழில் அமைப்பான ஏ.எச்.ஆர்.ஐ. தனது வழிகாட்டுதலை மாற்றி, 2020க்குள் எல்லா உருளைகளும் ஒரே பசுஞ்சாம்பல் நிறத்துக்கு மாற வேண்டும், உள்ளே இருப்பதை எழுத்தைப் படித்தே அறிய வேண்டும் என்று கூறிவிட்டது. அம்மோனியாப் பட்டையில் இருப்பவை நான்கைந்து நிறங்களே என்பதால் அந்த நெருக்கடி அங்கே இல்லை. இருந்தாலும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத ஆண்கள் கணிசமாக உள்ளனர். அவர்களுக்கு உயர் அழுத்தப் பட்டையும் குறைந்த அழுத்தப் பட்டையும் ஒன்றுபோலவே தெரியக்கூடும். அதனால்தான் ஒவ்வொரு பட்டையிலும் நிறத்தோடு சொல்லும் அச்சிடப்படுகிறது, எழுத்தின் உயரத்துக்கும் அளவு வகுக்கப்பட்டுள்ளது. அமெரிக்கக் குழாய்த் தரநிலையான ஏ13.1இன்படி, காப்புறையோடு சேர்த்து இரண்டரை முதல் 6 அங்குலம் வரை விட்டமுள்ள குழாய்க்கு எழுத்து 32 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும்; 10 அங்குலத்தைத் தாண்டினால் 89 மில்லிமீட்டர்.

பட்டைகள் இருக்க வேண்டிய இடங்களும் அனுபவத்தால் தீர்மானிக்கப்பட்டவை: வால்வுகளின் அருகே, குழாய் வளையும் இடங்களில், சுவரைத் துளைத்துச் செல்லும்போது அதன் இருபுறமும், நீண்ட நேர்ப்பாதையில் குறிப்பிட்ட இடைவெளிகளிலும். சுவரின் இருபுறமும் என்பது சிறிய விதியாகத் தோன்றலாம். ஆனால் ஐந்து குழாய்கள் ஒரு சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வேறு வரிசையில் வெளிவரும் இடத்தில், எது எது என்று ஊகிப்பதைத் தடுப்பது அதுதான்.

ஆலையை விரிவாக்கும்போது பழைய குழாய் புதிய வேலைக்குத் திருப்பப்படுவதும், காப்புறையைப் பிரித்து மாற்றிய பிறகு பட்டை திரும்ப ஒட்டப்படாமல் போவதும் உண்டு. பட்டையே இல்லாத குழாயைப் பற்றி எவரும் விசாரிப்பார்கள்; தவறான பட்டை உள்ள குழாயை அப்படியே நம்பிவிடுவார்கள். எனவே பட்டை ஒட்டும் வேலையை வண்ணம் பூசுபவரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. ஆலையின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கம்ப்ரசரில் தொடங்கி, ஒவ்வொரு குழாயையும் அது முடியும் இடம்வரை நடந்தே பின்தொடர்ந்து, வரைபடத்திலுள்ள அதே சுருக்கெழுத்துதான் பட்டையிலும் இருக்கிறதா என்று ஆப்பரேட்டரும் பொறியாளரும் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். ஒரு குழாய் மாற்றப்பட்டால், அதில் மீண்டும் அம்மோனியா ஓடுவதற்கு முன்பே வரைபடமும் பட்டையும் திருத்தப்பட்டிருக்க வேண்டும்.