270 கிலோ கொழுந்து பறித்தது யார்?

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 11 பேர் ஒரே நாளில் பறித்த பச்சை இலையின் எடை, கிலோவில், இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் நானே போட்டவை): 18, 21, 22, 24, 25, 26, 28, 29, 31, 33, 270. சராசரி எடுத்தால் கிட்டத்தட்ட 48 வருகிறது. பத்துப் பேர் 33-ஐத் தாண்டவே இல்லை, அப்புறம் 48 யாருடைய கணக்கு?

சரி, கூட்டுவதை விட்டுவிட்டு வரிசையில் நிற்கும் இடத்தை மட்டும் பார்ப்போம். நடுவில் நிற்பது 26, அதுதான் இடைநிலை. அதற்குக் கீழே உள்ள ஐந்தின் நடு எண் 22, இது முதல் கால்மானம், அதாவது வரிசையில் கால் பங்கு முடியும் இடம். மேலே உள்ள ஐந்தின் நடு எண் 31, இது மூன்றாம் கால்மானம். அந்த 270-ஐ 2,700 ஆக்கினாலும் இந்த மூன்றும் அசையாது, ஏனென்றால் இங்கே எண்ணின் அளவுக்கு மதிப்பில்லை, வரிசையில் அதன் இடத்துக்குத்தான்.

(எக்செல்லில் வழக்கமான ஃபார்முலாவைப் போட்டால் 23, 30 என்று வரும். பதறவேண்டாம். இடைநிலையைக் கீழ்ப்பாதியிலும் மேல்பாதியிலும் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதில் பல முறைகள் உண்டு.)

அடுத்தது வேலி. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி சொன்ன வழி இது: இரண்டு கால்மானங்களுக்கும் இடையே உள்ள தூரம் 9, அதை 1.5-ஆல் பெருக்கினால் 13.5. 22-இலிருந்து அதைக் கழித்தால் 8.5, 31-உடன் கூட்டினால் 44.5. இந்த இரண்டுக்கும் வெளியே இருப்பது அவுட்லையர், அதாவது மற்றவற்றோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும் எண். 1.5 என்பது இயற்கை விதியெல்லாம் இல்லை, மணி வடிவப் பரவலில் (பெரும்பாலான எண்கள் நடுவில் குவிந்து, இரு ஓரமும் சமமாகக் குறைந்துகொண்டே போவது) சுமார் 0.7 சதவீதம் மட்டுமே வெளியே விழும்படி அமைகிற வசதியான எண், அவ்வளவுதான்.

திட்ட விலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) வைத்தே பிடிக்கலாமே என்று தோன்றும். இங்கே அது சுமார் 74. சராசரியோடு மூன்று மடங்கைக் கூட்டினால் எல்லை 269-க்குப் போய்விடுகிறது, நம்ம 270 மயிரிழையில்தான் மாட்டுகிறது! தன்னைப் பிடிக்க வேண்டிய அளவுகோலையே அந்த எண் இழுத்து நீட்டிவிட்டது. இன்னும் மோசம், பட்டியலில் 10 பேர் மட்டும் இருந்தால், எவ்வளவு பெரிய எண்ணானாலும் அந்த எல்லையைத் தாண்டவே முடியாது.

மாட்டிய எண்ணை உடனே அழிக்கலாமா? 270 அநேகமாக 27 தான், எடைச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் 2019 ஆகஸ்டில் நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. மழை பதிவானதே, எந்த வேலி போட்டாலும் அது வெளியேதான் நிற்கும். அதற்கு முந்தைய நாளே 820 மி.மீ., பக்கத்திலிருக்கும் அப்பர் பவானியிலும் கனமழை, ஆகவே அது பிழையில்லை, உண்மையாகவே பெய்தது. சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் தெரிய சீட்டையும் பக்கத்து மழைமானியையும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

மழைக் கணக்கில் இன்னொன்று: அவலாஞ்சிக்குத் தென்மேற்குப் பருவம், கோத்தகிரிக்கு வடகிழக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டிக் கால்மானம் எடுத்தால் ஒன்றின் சாதாரண நாள் மற்றதற்கு அவுட்லையராகத் தெரியும், அதனால் ஊர்வாரியாக, பருவவாரியாகப் பிரித்துவிட்டு அப்புறம் வேலி போடுங்கள்.