பெட்டியில் உள்ள 15+ என்பது புத்திசாலித்தனத்துக்கான எண் அல்ல

சென்ற வாரம் இரவு 11 மணிக்கு, மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் உணவுக்குழாயிலிருந்து பட்டன் பேட்டரி ஒன்றை எடுத்தோம். பொத்தானை அழுத்தினால் கண்கள் சிவப்பாக எரியும் டிராகன் உருவம் ஒன்றின் அடிப்பீடத்தில் இருந்த பேட்டரி அது. தம் கண்ணாடி அலமாரிக்காகத் தாய்மாமா வாங்கிய அந்த உருவத்தை, விடுமுறைக்கு வந்த மருமகன் அழுது கேட்டதும் கையில் கொடுத்துவிட்டார். பெட்டியில் 15+ என்று அச்சிட்டிருந்ததைக் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். "கவனித்தேன் டாக்டர், ஆனால் இவன் வயதுக்கு மீறிய விவரம்" என்றார். இந்தப் பதிலை இன்னும் எத்தனை முறைதான் கேட்பது?

அந்த எண் பிள்ளையின் அறிவை அளப்பதற்காக அச்சிடப்படுவது அல்ல. விலை கூடிய பொருள், பத்திரமாகக் கையாளத் தெரிய வேண்டும் என்பதும் அதன் பொருள் அல்ல. இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கீழே போட்டால் எது உடையும், உடைந்த துண்டு தொண்டைக்குள் போகுமா, பூச்சில் ஈயம் உண்டா என்றெல்லாம் சோதித்த பின்பே அம்முத்திரை கிடைக்கும். 15+ என்று போட்டுவிட்டால், தயாரிப்பாளர் அதைப் பொம்மை என்ற வகைக்குள் கொண்டுவரவே இல்லை என்று ஆகிறது. ஆகவே அந்த எண்ணை "குழந்தை கடித்தாலும் இழுத்தாலும் என்ன ஆகும் என்று நாங்கள் பார்க்கவில்லை" என்று வாசியுங்கள். உங்கள் பிள்ளை ஆறு மொழிகளில் பேசினாலும் அவனுடைய தொண்டையின் அகலம் மூன்று வயதுத் தொண்டையின் அகலம்தான்.

சேகரிப்பாளர்கள் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சிறகின் நரம்பும் செதிலின் நிழலும் எவ்வளவு நுணுக்கமாக வந்திருக்கின்றன என்று பார்ப்பவர் அவற்றைப் பார்த்தே வாங்கட்டும். (என் அறையிலும் ஒரு டிராகன் இருக்கிறது, ஆளுயர அலமாரியின் மேல்தட்டில்.) விளையாடக் கொடுப்பவர் பார்க்க வேண்டியவை வேறு. கொம்பு, நகம், நாக்கு, வால்நுனி ஒவ்வொன்றையும் விரலால் பிடித்துத் திருகி இழுத்துப் பாருங்கள். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு ஆகாது. பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும் மூடி என்றால் பேச்சே வேண்டாம், அதை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கழற்றி மாட்டும் தலையிலும் சிறகிலும் காந்தம் ஒளிந்திருக்கும். ஒரு காந்தம் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். இரண்டு போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும்.

இப்போது கண்காட்சிகளில் விற்கும், மீன்முள் போல வளைந்து நெளியும் முப்பரிமாண அச்சு டிராகன்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை அடுக்கடுக்காக உருவாக்கப்படுபவை என்பதால், உடையும்போது அந்த அடுக்கின் வழியே கூர்மையாக உடையும். பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியசை ஒட்டி இளகத் தொடங்குவதால், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கவும் கூடாது. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

இனி, பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே செய்ய வேண்டியவை. வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்து அதை உள்ளே தள்ளாதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். "விளக்கே எரியவில்லை, தீர்ந்த பேட்டரிதான்" என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம்; தீர்ந்ததிலும் சதையை அரிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் மிச்சம் இருக்கும், உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் உண்டாகிவிடும். குழந்தைக்கு ஒரு வயது கடந்திருந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், விழுங்க முடிகிறவரை 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். அதுவும் மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான். வீட்டில் தேன் பாட்டிலைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

எக்ஸ்ரேயில் பேட்டரி நாணயத்தைப் போலவே தெரியும், ஓரத்தில் உள்ள இரட்டை வளையத்தைத் தேடிப் பார்த்தால்தான் வேறுபடுத்த முடியும். ஆகவே தயவு செய்து அந்த டிராகனையும், மூடியையும், மிச்சம் இருக்கும் பேட்டரிகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்து வாருங்கள். அதில் சிஆர்2032 என்று எழுதியிருந்தால், 20 மில்லிமீட்டர் அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி என்று நாங்கள் அந்த நொடியே தெரிந்துகொள்வோம்.