துருவமயமாக்கல் என்னும் பிழைச்சொல்

சமூக ஊடகத்தில் நடக்கும் அரசியல் சச்சரவுகளைப் பற்றிய தமிழ்க் கட்டுரை எதைப் புரட்டினாலும், முதல் பத்தியிலேயே ‘துருவமயமாக்கல்’ வந்து நிற்கிறது. மக்கள் இரு எதிர்த்தரப்புகளாக விலகிப் போவதைக் குறிக்கும் ‘பொலரைசேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இதை எழுதுகிறார்கள். அச்சைக் குறிக்கும் ‘போலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே அதன் வேர்; பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒளியின் ஒரு பண்புக்கு அப்பெயரை இட்டார்; அரசியல் பின்னர் கடன் வாங்கியது. அந்த ஒளிப்பண்பைத் தமிழகப் பாடநூல்கள் ‘தளவிளைவு’ என்கின்றன. அதில் துருவமே இல்லை.

துருவம் வடசொல் என்பதற்காக நான் அதை விலக்கவில்லை. அசையாதது என்பது அதன் பொருள். துருவ நட்சத்திரம் அப்பெயர் பெற்றதும் அதனால்தான். மக்கள் விலகிப் போவதைச் சொல்ல அசையாமையைக் குறிக்கும் சொல்லை எடுத்தது முதற்கோணல். அடுத்தது ‘மயம்’. எங்கும் புகைமயம் என்றால் புகை நிறைந்திருக்கிறது என்று பொருள்; அவ்வாறாயின் துருவமயத்தில் துருவங்கள் நிறைந்து கிடக்க வேண்டும்.

இவற்றைப் பொறுத்துக்கொண்டாலும் ‘ஆக்கல்’ பொறுக்கத்தக்கதன்று. ஆதல், ஆக்கல் இரண்டையும் ‘-ஐசேஷன்’ என்ற ஆங்கில விகுதி ஒன்றாக விழுங்கிவிடும். தமிழோ திருந்துதல், திருத்துதல் எனப் பிரித்தே பேசும். ஊடகம் மக்களைப் பிரிக்கிறதா, பிரிந்த மக்கள்தாம் அங்கே வந்து மோதுகிறார்களா என்பதே ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டஃபர் பெயில் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எதிர்த்தரப்பின் ட்விட்டர் பதிவுகளை ஒரு மாதம் பின்தொடர்ந்த அமெரிக்கக் குடியரசுக் கட்சியினர் முன்னைவிடக் கூடுதலாகத் தம் பக்கமே சாய்ந்தனர். 2020 அமெரிக்க அதிபர் தேர்தலின்போதோ, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் பதிவுகளை, நிறுவனத்தின் கணினி நிரல் தேர்ந்தடுக்கும் வரிசையில் அல்லாமல் நேரவரிசையில் காட்டியும், அவர்களது அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இந்நிலையில் ‘ஆக்கல்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறார்.

‘முனைவாக்கம்’ என்பாரும் உண்டு. அதிலும் இதே குறை இருப்பதால் அது அறிவியலோடு இருக்கட்டும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சொல்லிவரும் மொழிக்கு இதற்கெனப் புதுச்சொல் எதற்கு? தானாக நடந்தால் இரண்டுபடுதல், பிறர் செய்தால் இரண்டுபடுத்துதல்.

கருத்துகள் இரு கடைக்கோடிக்கும் நகர்வதை இச்சொல் காட்டாதே என்று கேட்பார்கள். கோடிக்கு நகர்ந்தால் அப்படியே எழுதிவிடலாமே! ஆனால், கருத்து பெரிதாக நகராமலேயே வெறுப்பு மட்டும் முற்றுவதும் உண்டு. தம் பிள்ளை மாற்றுக் கட்சிக்காரரை மணந்தால் வருந்துவோம் என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் 1960இல் 5 சதவீதம். 2010இல் ஏறக்குறையப் பாதிப் பேர். இந்த வெறுப்புக்கு ஆய்வாளர்கள் இட்ட ‘அஃபெக்டிவ் பொலரைசேஷன்’ என்ற தனிப்பெயரை ‘உணர்ச்சிகரத் துருவமயமாக்கல்’ என்று பெயர்த்தால், யாரோ உருகி அழுகிறார்கள் போலும் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். கட்சிப்பகை என்றால் எவருக்கும் விளங்கும்.