வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்

கேரளாவில் நிபா, அதாவது பழந்தின்னி வௌவாலிடமிருந்து தொற்றுகிற வைரஸ் காய்ச்சல், என்று டிவியில் செய்தி வந்தால் மறுநாள் காலையில் எனக்கு போன் வந்துவிடும். கம்பத்திலிருந்தோ கூடலூரிலிருந்தோ, சில சமயம் மலைக்கு அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறிலிருந்தோ யாராவது ஒருவர் பேசுவார். "சார், ஆத்தோரத்து மருதமரம் பூராவும் வவ்வாலா தொங்குது, மரத்தையே வெட்டிரலாமா?" எத்தனை இருக்கும் என்று கேட்பேன். ஆயிரக்கணக்கில் என்பார். எண்ணினீர்களா? இல்லை. போன வருடம் எத்தனை இருந்தது? அதற்குச் சிரிப்புதான் பதில். வவ்வாலைப் போய் யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்களா?

நான் எண்ணுகிறேன், அதுதான் என் பிழைப்பு.

காட்டு விலங்கு என்றதும் நமக்கு யானையும் புலியும்தான் ஞாபகம் வரும். இந்தியாவில் பாலூட்டிகள் 400 வகைக்கு மேல் இருக்கின்றன, அதில் பாதிக்குப் பாதி வௌவாலும் எலி, அணில் கூட்டமும்தான். கணக்கெடுப்பு, கேமரா, பணம், மந்திரி வருகை எல்லாம் மற்றதற்குப் போய்விடும். (குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறைதான்.)

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் கிழக்கே தெரிகிறதே மேகமலை, அங்கே நடந்த ஒரு விஷயத்தை எந்த ஊர்க் கூட்டத்திலும் சொல்லாமல் விடமாட்டேன். 1948-இல், அந்த மலையை வெள்ளைக்காரர்கள் ஹைவேவிஸ் என்று அழைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கஸ் ஹட்டன் என்பவர் அங்கே ஒரு வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரெல்லாம் பறக்கிற குறுமூக்குப் பழந்தின்னி வௌவால்தானே என்று சீட்டு எழுதி வைத்துவிட்டார்கள். 24 வருடம் கழித்து, 1972-இல், தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பல்லையும் வாலையும் பார்க்கிறார். பல் வேறு மாதிரி இருக்கிறது, வாலே இல்லை. உலகத்துக்கே புதிய பேரினம்! பறவையியலாளர் சலீம் அலி பெயரை வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. இன்று அழியும் அபாயத்தில் இருக்கிறது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அதன் உறவுக்காரர்களான மற்ற பழந்தின்னிகளை 1972-இல் வந்த அதே சட்டம் காக்கை, எலியோடு சேர்த்துத் தொல்லை உயிர்ப் பட்டியலில்தான் வைத்திருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பட்டியலே போனது.

இப்போது நிபாவுக்கு வருகிறேன். பெரிய பழந்தின்னி வௌவாலின் உடம்பில் அந்த வைரஸ் உண்டு, இதை மூடி மறைத்துப் பேசிப் பிரயோஜனமில்லை. 2018-இல் கோழிக்கோட்டில் வந்தது, அதற்குப் பிறகும் கேரளாவில் சில தடவை வந்துவிட்டது. ஆனால் மரத்தை வெட்டினால் வௌவால் செத்துவிடாது, கலைந்து நாலு ஊருக்குப் போகும், அவ்வளவுதான். பட்டினியிலும் பதற்றத்திலும் இருக்கிற கூட்டம் வைரஸை அதிகமாக வெளியேற்றும் என்பதை, நிபாவுக்குப் பங்காளி என்று சொல்லத்தக்க ஹெண்ட்ரா வைரஸை வைத்து ஆஸ்திரேலியாவில் பல வருடம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் வெட்டாதீர்கள். கடித்துப் போட்ட பழத்தைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள், மற்ற பழத்தைக் கழுவித் தின்னுங்கள், கீழே விழுந்து கிடக்கிற வௌவாலை வெறுங்கையால் தூக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று அதன் கறியைத் தின்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதில் மருந்தும் இல்லை மண்ணும் இல்லை, நோய் ஒட்டிக்கொள்ள வழி மட்டும் உண்டு. தப்பித்தவறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு விடிகாலையில் போயிருந்தேன். பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே பழம். பந்தல் மேல் பழைய மீன்வலையைத் தொளதொளவென்று போர்த்தியிருந்தார்கள். அதில் குறுமூக்கு வௌவால் ஒன்று சிக்கி, முறுக்கி முறுக்கி நைலான் இறக்கைக்குள் இறங்கியிருந்தது. நெஞ்சில் குட்டி. தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு, நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக நறுக்கினேன். வெங்காயத் தோல் மாதிரி இருக்கும் அந்த இறக்கை, நம் விரல் எலும்புகளே நீண்டு அதைத் தாங்குகிற மாதிரி வெளிச்சத்தில் தெரியும். தோட்டக்காரர் பக்கத்தில் நின்று, "நீ ஒண்ண அவுத்து விடுற தம்பி, அது ராத்திரி வந்து எத்தன கொலைய நாசம் பண்ணுதுன்னு தெரியுமா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, நஷ்டம் அவருடையது. "ஐயா, இந்த வலையைப் போட்டும் பழம் போகுதுல்ல?" என்றேன். போகுது என்றார்.

ஏன் போகிறது? பூச்சி தின்னும் வௌவால்தான் கத்தி எதிரொலி கேட்டுப் பறக்கும். பழந்தின்னிகளில் அநேகமானவை கண்ணையும் மூக்கையும் நம்பியே வருகின்றன. மெல்லிய நைலான் இழை இருட்டில் அதன் கண்ணுக்குத் தெரியாது. நேராக வந்து மோதும், சிக்கியது கிழிக்கும், கிழிந்த வழியாக அடுத்தது நுழையும். வெள்ளை வலை, உங்கள் சுண்டுவிரல் நுழையாத கண், பந்தலில் படாமல் விறைப்பாக இழுத்துக் கட்டியது, இது இருந்தால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விடும். செலவு கூடத்தான். அவர் முதலில் இரண்டு வரிசைக்கு மட்டும் போட்டுப் பார்த்தார், அடுத்த காய்ப்புக்கு முழுக்கப் போட்டுவிட்டார்.

அப்புறம் அவரிடம் இலவம்பஞ்சைப் பற்றிப் பேசினோம். போடி, வருசநாடு பக்கமெல்லாம் நிற்கிற இலவமரம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போது ராத்திரியில் பூக்கிறதே, அந்தப் பூவுக்கு மகரந்தம் சுமப்பதில் பெரும்பங்கு வௌவாலுடையது. "அப்ப என் தலகாணியும் அதுதானா?" என்று கேட்டார். நக்கலா நிஜமா தெரியவில்லை.

அவருடைய பேரன் எட்டாம் வகுப்பு. அவன்தான் இப்போது ஆத்தோரத்து மருதமரத்து வௌவால்களை எண்ணுகிறான். முறை ரொம்பச் சாதாரணம். சூரியன் இறங்கும் முன் மேற்கு வானத்தைப் பார்த்து உட்காரவேண்டும், வெளுத்த வானத்தில் கறுப்பாகத் தெரியும். இரண்டு பேர் என்றால் வானத்தை ஒரு பனைமரத்தையோ செல்போன் டவரையோ வைத்துப் பாதியாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். பத்து பறந்தால் ஒரு புளியங்கொட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்று. முதல் வௌவால் கிளம்பிய நேரம், நிலா, மழை, காற்று, தேதி இதெல்லாம் நோட்டில் எழுது. முதல் நாள் அவன் கணக்கும் என் கணக்கும் ஒத்தே வரவில்லை, மூன்றாம் நாளைக்கு மேல்தான் பக்கத்தில் வந்தது. வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு நானும் தொங்குகிறேன் என்று பழமொழி சொல்வார்கள், எங்கள் ஆராய்ச்சியும் அப்படித்தான், மரத்தடியில் அவனும் நானும்.

ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. ஒரே மரத்தை ஒவ்வொரு மாதமும், வருடக்கணக்கில் எண்ணினால்தான் கூட்டம் குறைகிறதா, பருவத்துக்கு இடம் மாறுகிறதா என்று தெரியும். பெரிய பழந்தின்னி வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், ஒரு கூட்டம் சரிந்தால் எழுந்திருக்க ரொம்ப நாளாகும். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒருவனே ஓடி எண்ண முடியாது. உங்கள் ஊரில் மரம் இருந்தால் எண்ணி, அருகில் உள்ள கல்லூரி விலங்கியல் துறைக்கோ வனத்துறைக்கோ கொடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிற நண்பர்கள் குகையில் வௌவால் பார்த்தால் போட்டோ எடுங்கள், ஆனால் இடத்தைப் போட்டு பேஸ்புக்கில் ஏற்றாதீர்கள். ஒரு குகையை நாங்கள் அப்படித்தான் இழந்தோம். நான் போவதற்குள் புகை போட்டிருந்தார்கள், பாறையெல்லாம் கரி.

போன ஐப்பசியில் ஒரு மாலை அந்தப் பையன் போன் செய்தான். "அண்ணே, மழை கொட்டுது, ஒண்ணுகூடக் கிளம்பல. இன்னைக்கு எழுதவா வேண்டாமா?" சைபர் என்று எழுதுடா, மழை என்றும் எழுது என்றேன். மறுநாள் நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். சைபருக்குக் கீழே வேறு மையில் இன்னொரு வரி: "8.10 மழை விட்டது. 1 போச்சு. அப்பறம் அம்மா கூப்ட்டாங்க."