இந்த நேரத்தில் இந்த வழியாக ஏன் போனார்?

சைக்கிளில் கிளம்பியவர் வீடு திரும்பவில்லை என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் கேள்வி இதுதான். உறவினர் கேட்கிறார், அக்கம்பக்கத்தார் கேட்கிறார், புகார் வாங்கும் காவலரும் கேட்கிறார். கேள்வியில் தவறில்லை. கேட்கும் விதத்தில்தான் கோளாறு. பெரும்பாலும் இது போனவர் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது: வீட்டில் ஏதோ பிரச்சினை, மனசு சரியில்லை, யாரையோ பார்க்கப் போயிருப்பார். அந்த யூகத்திலேயே முதல் இரண்டு மூன்று நாள் கரைந்துவிடுகிறது. சாலையில் கிடக்கும் தடயங்களும் கேமராப் பதிவுகளும் அழிவது அதே நாட்களில்தான்.

ஸ்காட்லாந்தில் 2017-ல் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 63 வயதுக்காரர் ஒருவர், நற்பணிக்கு நிதி திரட்டும் பயணமாக, செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமை ஃபோர்ட் வில்லியம் வரை ரயிலில் போய், மாலை நாலரை மணி வாக்கில் அங்கிருந்து தன் ஊரான டில்லிகோல்ட்ரிக்கு சைக்கிளில் கிளம்பினார். தூரம் சுமார் 167 கிலோமீட்டர். இரவு பதினொன்றரை மணி வாக்கில் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி என்ற சிற்றூரின் ஹோட்டலில் அவரைப் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே டிண்ட்ரம் நோக்கிக் கிளம்பினார். அதற்குப் பிறகு உறுதியான சாட்சி யாருமில்லை.

நள்ளிரவில், குளிரில், மலைச்சாலையில், அந்த வயதில்! கேட்பவருக்கு விபரீதமாகத்தான் படும். ஆனால் வரைபடத்தை விரித்தால் விபரீதம் பாதி கரைந்துவிடும். க்ளென்கோ பள்ளத்தாக்கிலிருந்து ரனாக் மூர் என்ற சதுப்பு மேட்டுநிலத்தைக் கடந்து டிண்ட்ரத்துக்குப் போக ஏ82 என்ற ஒரே ஒரு தார்ச்சாலைதான் உண்டு. அவர் வழக்கத்துக்கு மாறான வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு இருந்ததே அந்த வழிதான். அதனால் வழியைப் பற்றிய முதல் கேள்வி "ஏன் இப்படிப் போனார்" என்பதல்ல. "இதை விட்டால் வேறு எப்படிப் போயிருக்க முடியும்?" மாற்று வழிகளை வரைபடத்தில் கோடிட்டுப் பாருங்கள். ஏற்றம், தெருவிளக்கு, நாய்த்தொல்லை, லாரிப் போக்குவரத்து, தண்ணீர் கிடைக்கும் இடம் எல்லாவற்றையும் சைக்கிள்காரரின் கண்ணால் எடைபோடுங்கள். காரில் போகிறவருக்குச் சுற்றுவழியாகத் தெரிவது, மிதிக்கிறவருக்கு ஏற்றமில்லாத வழியாக இருக்கும்.

அடுத்தது கணக்கு. ஃபோர்ட் வில்லியத்திலிருந்து பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி சுமார் 65 கிலோமீட்டர். நின்று ஓய்வெடுத்ததையும் சேர்த்து ஏழு மணி நேரம். சராசரி மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். மீதி இருந்தது சுமார் 100 கிலோமீட்டர். அதே வேகத்தில் போனால் வீடு சேர மறுநாள் காலை பத்து மணி தாண்டும். அப்படியானால் அவர் இரவு முழுக்க மிதிப்பவராகத்தான் இருந்திருக்கிறார். நள்ளிரவில் சாலையில் இருந்ததில் மர்மம் எதுவுமில்லை.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் தருகிறது, அதுதான் முக்கியம். அங்கிருந்து டிண்ட்ரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். களைத்த காலோடு மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். ஆக, பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் அந்தப் பத்து கிலோமீட்டரில் யார் யார் வண்டி ஓட்டினார்கள்? அந்த ஹோட்டலிலிருந்து அவருக்குப் பின்னால் யார் கிளம்பினார்கள், எந்த வண்டியில், எந்தப் பக்கம்? அவரிடம் கேட்க முடியாத கேள்விக்குப் பதிலாக, சாலையில் இருந்தவர்களிடம் கேட்கக்கூடிய கேள்வி கிடைத்துவிட்டது.

நடந்தது என்ன என்பது பின்னால் நீதிமன்றத்தில் வெளிவந்தது. அந்த ஹோட்டலில் மது அருந்திவிட்டு அதே சாலையில் பிக்அப் வண்டி ஓட்டிச் சென்ற ஒருவர் சைக்கிள்காரர் மீது மோதினார். வண்டியில் கூட இருந்தவர் ஓட்டியவரின் இரட்டைச் சகோதரர். ஆம்புலன்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. சாலையோர எஸ்டேட் நிலத்தில் உடலைப் புதைத்தார்கள். வண்டியின் சேதத்துக்கு மான் மீது மோதிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் விடை தெரியாமல் கிடந்த அந்த இடத்தை, ஓட்டியவரின் தோழி அடையாளத்துக்காக அங்கே போட்டுவந்த ஒரு பான டின்தான் காட்டிக்கொடுத்தது. 2021 ஜனவரியில் உடலைத் தோண்டி எடுத்தார்கள். மோதிய பிறகும் அவர் 20 முதல் 30 நிமிடம் வரை உயிரோடு இருந்திருக்கலாம் என்பது மருத்துவச் சான்று. அந்த அரைமணியில் உதவி தேடாமல் சாகவிட்டதால் அது விபத்தாக நிற்கவில்லை. ஓட்டியவர் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023 ஆகஸ்டில் ஆயுள் தண்டனை கிடைத்தது, குறைந்தது 12 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும். மறைக்க உதவிய சகோதரருக்கு 5 ஆண்டு 3 மாதம்.

வீட்டாரிடம் கேட்க வேண்டியவை

"சண்டை ஏதாவது போட்டாரா?" என்று தொடங்கினால் வீட்டார் வாயை மூடிக்கொள்வார்கள். பொருட்களில் தொடங்குங்கள். எந்தச் சைக்கிள், என்ன நிறம், பின்விளக்கு இருந்ததா, அது பேட்டரியா சார்ஜ் செய்வதா, கடைசியாக எப்போது சார்ஜ் போட்டார்? உதிரி டியூப், பம்ப் எடுத்துப் போனாரா? பணம், மாத்திரை, சார்ஜர் எதை விட்டுப் போனார்? சார்ஜரையும் தினசரி மாத்திரையையும் வீட்டிலேயே விட்டவர் திரும்பி வரும் எண்ணத்தோடுதான் கிளம்பியிருப்பார், ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. மனநிலை பற்றிய கேள்வியும் வேண்டும்தான். அதைத் தனியாக, நிதானமாக, அவரை நன்கு அறிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

செல்பேசி விஷயத்தில் வீட்டார் செய்யும் தவறு, மாறி மாறி அழைத்துக்கொண்டே இருப்பது. மிச்சமிருக்கும் பேட்டரி அதிலேயே தீர்ந்துவிடும். ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு நிறுத்துங்கள். சிம்மை முடக்காதீர்கள், கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். கூகுள் டைம்லைன் இப்போது பெரும்பாலும் அந்தக் கைபேசிக்குள்ளேயே சேமிக்கப்படுவதால் கணினியில் திறந்து பார்க்க முடியாமல் போகலாம். ஸ்ட்ராவா, கார்மின் போன்ற பயிற்சிச் செயலிகள் அவரிடம் உண்டா என்று கேளுங்கள். அன்றைய பயணம் பதிவேறாவிட்டாலும் பழைய பயணங்கள் அவர் விரும்பும் வழிகளைக் காட்டும். டவர் தகவல் கிடைத்தால் அதை ஒரு புள்ளியாக நினைக்காதீர்கள். நகரத்தில் சில நூறு மீட்டர், திறந்த வெளியில் பல கிலோமீட்டர் அகலமுள்ள, விசிறி வடிவப் பரப்பு அது.

கேமராவும் கடிகாரமும்

பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, ஏடிஎம், வழியிலுள்ள வீடுகள் என்று கேமராக்களைத் தேடி முதல் இரண்டு நாளிலேயே நடக்க வேண்டும். கேமராப் பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆரின் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். சின்னக் கடைகளில் ஒரு வாரத்திலேயே அழிந்துவிடலாம். பதிவைப் பார்க்கும் முன் டிவிஆர் காட்டும் நேரத்தையும் உங்கள் கைபேசி நேரத்தையும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். பல டிவிஆர்களில் கடிகாரம் சில நிமிடமோ சில மணியோ தள்ளி ஓடும். அந்த வித்தியாசத்தைக் குறிக்காமல் விட்டால், நாலு கேமராவை இணைத்துப் போடும் நேரக்கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். சைக்கிளைக் கண்டதோடு நிறுத்தாமல், அதற்குப் பின் ஒரு மணி நேரம் அதே பக்கம் போன வண்டிகளையும், ஒரு பக்க ஹெட்லைட் எரியாமல் வந்த வண்டிகளையும் எழுதிவையுங்கள்.

சாலையை நடந்து பாருங்கள்

காரில் போய்ப் பார்ப்பது பார்த்ததாகாது. அவர் போன அதே திசையில், பகலில் ஒருமுறை நடந்தும், அதே இரவு நேரத்தில் ஒருமுறை பாதுகாப்போடும் போக வேண்டும். பின்னாலிருந்து மோதப்பட்ட சைக்கிள்காரர் சாலையோரத்துக்குத் தூக்கி எறியப்படுவதுண்டு. பள்ளம், முட்புதர், சாலைக்கு அடியில் போகும் நீர்க்குழாய், வாய்க்கால், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு ஆகியவற்றை விடாதீர்கள். தாரில் இரும்பு கீறிய புதுத் தடம், சிவப்பு அல்லது மஞ்சள் ரிஃப்ளெக்டர் துண்டு, ஹெட்லைட் கண்ணாடிச் சில்லு, பெயிண்ட் செதில், ஒற்றைச் செருப்பு, தண்ணீர் பாட்டில்: இவை மோதலின் அடையாளம். ஹெட்லைட் பிளாஸ்டிக்கில் பாக எண்ணோ தயாரிப்பாளர் குறியோ அச்சாகியிருக்கும், வண்டி எந்த மாடல் என்று அதிலிருந்தே தெரிந்துவிடுவதுண்டு. அதனால் எதையும் கையால் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, போலீஸை வரவழையுங்கள். மழை வருகிறது என்றால் மட்டும் கவிழ்த்த வாளியால் மூடலாம்.

கூடவே டிங்கரிங் பட்டறைகளிலும் விண்ட்ஷீல்டு கடைகளிலும் விசாரிக்கச் சொல்லுங்கள். அங்கே மான் என்றார்கள், இங்கே மாடு என்பார்கள். விலங்கு மோதிய வண்டியில் பெரும்பாலும் முடியோ ரத்தமோ ஒட்டியிருக்கும், அந்த இடத்தில் விலங்கின் தடயமும் இருக்கும்.

புகாரும் அந்த அரைமணியும்

24 மணி நேரம் கழித்துத்தான் புகார் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஸ்காட்லாந்திலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. நிலையத்தில் புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாமல், எஃப்ஐஆர் எனும் முதல் தகவல் அறிக்கை பதிவானதா என்று கேட்டு, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஸ்காட்லாந்துக்காரர் வெள்ளி இரவு மறைந்தார், புகார் பதிவானது திங்கட்கிழமை. நெடும்பயணம் போகிறவரின் வீட்டில் "எத்தனை மணிக்குள் தகவல் இல்லையென்றால் தேடத் தொடங்குவது" என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தால் இந்த இடைவெளி குறையும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: மோதிவிட்டால் முதலில் 108. மது அருந்தியிருந்தாலும், உரிமம் இல்லாவிட்டாலும், முதலில் 108. வழிப்போக்கராக உதவுகிறவரை, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு வழக்குத் தொல்லையிலிருந்து காக்கிறது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. இடித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயமடைந்தவருக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

இரவில் மிதிப்பவர்களுக்கு: பின்விளக்கு இரண்டு, ஒன்று சைக்கிளில், ஒன்று பையிலோ தலைக்கவசத்திலோ. கிளம்புமுன் போகும் வழியை ஒரு தாளில் எழுதுங்கள், மூன்று இடங்களின் பெயரும் அங்கே சேரும் நேரமும் அதில் இருக்கட்டும். அந்தத் தாள் உங்கள் பையில் இருந்து பயனில்லை, வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள்.